குடும்பத்தோடு பத்து நாள் ஊழியம்

பொன்முடிக்குப் போய் வந்திருக்கும் சங்க உறுப்பினர்களுக்குக் கல்லாறு தெரிந்திருக்கும். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறக்குறைய 45 கிலோமீட்டர் போனால், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் சாலையை ஒட்டி ஓடும் ஆறு அது. படுகை முழுவதும் உருண்டைக் கற்கள், பெயரே அதனால்தான். இங்கிருந்து மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். என் மனைவியின் தகப்பனார் மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவர் வழியில் வந்த ஒரு சிறு வீடும் பத்து சென்ட் நிலமும் எங்களுக்கு அங்கே உண்டு. 2018இல் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மாதத்தில் பாதி நாள் அங்கேதான் கழிகிறது.

அந்தப் பகுதியில் ஒரு சிறு பள்ளிக்கூடம். அதன் சுற்றுச்சுவருக்கு 2019 ஜூலையில் வெள்ளையும் நீலமுமாகப் பெயின்ட் அடிக்கப்பட்டது. அடித்தவர்கள் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கும் என் மகளும் மருமகனும் இரண்டு பேரப்பிள்ளைகளும், அவர்கள் சபையைச் சேர்ந்த வேறு இரண்டு குடும்பங்களும். மொத்தம் பதின்மூன்று பேர், பத்து நாள். படம் எடுத்தார்கள், பள்ளிப் பிள்ளைகளோடு பாட்டுப் பாடினார்கள், பிரியும்போது எல்லோரும் அழுதார்கள். ஓணத்துக்கு நான் போய்ப் பார்த்தபோது பெயின்ட் அப்பளம் போல உரிந்து தொங்கியது.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். வெளிநாட்டில் இருக்கும் அவர் மகன், சபையோடு சேர்ந்து குடும்பமாகக் கென்யாவுக்கு இரண்டு வாரம் ஊழியத்துக்குப் போகப் போகிறானாம். "ஒன்பது வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறானே, இது நல்லதா கெட்டதா, உங்கள் வீட்டில் செய்திருக்கிறீர்களே" என்று கேட்டார். அங்கே நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. நம் பிள்ளைகள் பலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள்; இந்தக் கேள்வி இன்னும் பல வீடுகளுக்கு வரும். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில், இது என்ன என்பதைச் சொல்லி விடுகிறேன். கிறிஸ்தவர் அல்லாத அன்பர்களுக்கும் இது புரிய வேண்டும். சமய நோக்கோடு செய்யும் தொண்டுக்குச் சபைகளில் 'ஊழியம்' என்று பெயர். பழைய காலத்தில் மிஷனெரி என்றால் ஊரை விட்டுப் புறப்பட்டவர், பெரும்பாலும் அங்கேயே மண்ணுக்குள் போனவர். இப்போது ஒரு வாரம், பத்து நாள், ஒரு மாதம் என்று விடுமுறையில் போய் வருகிற வழக்கம் பரவியிருக்கிறது. வீடு கட்டுவது, பெயின்ட் அடிப்பது, மருத்துவ முகாம் நடத்துவது, விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதையும் பாட்டும் சொல்லிக் கொடுப்பது, இவைதான் வேலை. சபரிமலைக் காலத்தில் அய்யப்ப சேவா சங்கத் தொண்டர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ச் சேவை செய்துவிட்டு வருகிறார்களே, ஏறக்குறைய அதைப் போல. கடல் கடந்து போவதும், பிள்ளைகுட்டிகளோடு போவதும்தான் வித்தியாசம்.

இந்த வழக்கத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவர் ஜார்ஜ் வெர்வர். 1957இல் கல்லூரி மாணவராக இருந்தபோது, இரண்டு நண்பர்களோடு ஒரு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கோடை விடுமுறைக்கு மெக்சிகோ போனார். அதிலிருந்து வளர்ந்த 'ஆப்பரேஷன் மொபிலைசேஷன்' அமைப்பு 1970இல் லோகோஸ் என்ற கப்பலை வாங்கியது. பின்னர் டூலோஸ் வந்தது. இந்தக் கப்பல்கள் நம் நாட்டுத் துறைமுகங்களுக்கு வந்தபோது மேலே ஏறிப் புத்தகம் வாங்கியவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பார்கள். அதில் குடும்பமாகவே தங்கி, பிள்ளைகளைக் கப்பலிலேயே படிக்க வைத்து வேலை செய்தவர்கள் உண்டு. 1960இல் லோரன் கன்னிங்ஹாம் தொடங்கிய இளைஞர் அமைப்பும் இதே வகைதான். விமானக் கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் நிலைக்கு வந்த பிறகு தனித்தனிச் சபைகளே குழு அனுப்பத் தொடங்கின.

ஆனால் குறுகிய பயணம் என்பது நமக்குப் புதிய சங்கதி அல்ல. நம் ஊர்ச் சரித்திரத்தையே மாற்றிய மூன்று குறுகிய பயணங்களை எனக்குத் தெரியும்.

திண்டிவனத்தில் ஊழியம் செய்த ஸ்கடர் தம்பதியரின் மகள் ஐடா. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளக் கொஞ்ச காலத்துக்கென்று 1890இல் வந்தார். மிஷனெரி ஆகும் எண்ணமே அவருக்குக் கிடையாது. ஓர் இரவு மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவிக்கு உதவ வேண்டும் என்று கதவைத் தட்டினார்கள். ஆண் மருத்துவரான தகப்பனாரை வீட்டுப் பெண்களிடம் அனுமதிக்க அவர்களுக்கு மனமில்லை. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா திரும்பிப் போய், கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் தேறி, அடுத்த வருடமே வேலூர் வந்தார். இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தொடக்கம் அதுதான்.

இரண்டாவது, நம் திருவிதாங்கூர்க் கதை. 1922 எவரெஸ்ட் குழுவில் இருந்த டாக்டர் சாமர்வெல், மலையிலிருந்து இறங்கிய பிறகு ஊர் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தார். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு அறுவை மருத்துவர், வாசலில் தீராத கூட்டம். தாமும் கத்தியை எடுத்துக்கொண்டு சில வாரம் உதவி செய்தார். லண்டனில் அவருக்குப் பெரிய எதிர்காலம் காத்திருந்தது. அதை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்து, நடுவில் 1924 எவரெஸ்ட் பயணம் போனதைத் தவிர, ஏறக்குறைய கால் நூற்றாண்டு அங்கேயே இருந்தார். பிறகு வேலூரில் ஆசிரியப் பணி. 1925இல் திருமணம் செய்து குடும்பத்தோடு நெய்யூரில் வாழ்ந்தார். என் பாட்டனாருக்குக் குடல் புண் ஆபரேஷன் செய்தது அந்த ஆஸ்பத்திரியில்தான். 'சாமர்வெல் டாக்டர்' என்று சொல்லும்போது பாட்டி எழுந்து நின்றுகொள்வார்! இரணியல் ஸ்டேஷனில் இறங்கினால் நெய்யூர் பக்கம்தான். தண்டவாளப் பரிசோதனைக்கு அந்தப் பக்கம் டிராலியில் போகும்போதெல்லாம் பாட்டி நினைவு வரும்.

மூன்றாவது, தமிழரே செய்தது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் தங்கள் ஆட்களையே ஊழியத்துக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அவர்களால் முடியும்போது நம்மால் முடியாதா என்ற கேள்வியோடு திரும்பினார். 1903 பிப்ரவரியில் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. 1909இல் அவரே மனைவி அன்பு அம்மையாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நிஜாம் ராஜ்யத்தில் தோர்ணக்கல்லுக்குக் குடிபோனார். தெலுங்கு கற்றார். 1912 டிசம்பரில் தோர்ணக்கல்லின் ஆயரானார். ஆங்கிலிக்கன் சபையில் ஆயரான முதல் இந்தியர் அவர். காசிப்பேட்டைக்கும் விஜயவாடாவுக்கும் இடையில் தோர்ணக்கல் ஜங்ஷனை ரயிலில் தாண்டியவர்கள் நம்மில் பலர். ஒரு தமிழ்க் குடும்பம் அந்த ஊரில் போய் உட்கார்ந்த கதை பலருக்கும் தெரியாது.

இந்த மூன்றிலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சில வாரங்களில் போனவர்கள் ஊருக்குச் செய்தது கொஞ்சம்தான். ஐடாவால் எதுவுமே செய்ய முடியவில்லை. ஊர்தான் அவர்களுக்குச் செய்தது. பிற்பாடு அவர்கள் திரும்பி வந்து, மொழி கற்று, வருடக்கணக்கில் இருந்தபோதுதான் ஊருக்குப் பலன் வந்தது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னச் சொல்லிக் கொடுத்ததையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 1819இல் கணவரோடு வந்தவர் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் ரேந்தை விற்ற காசில் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று எங்கள் பக்கத்துச் சபை வரலாறு சொல்கிறது. பத்து நாளில் ரேந்தை பின்ன வராது.

குடும்பமாக வந்தவர்கள் கொடுத்த விலையும் சிறிதல்ல. ஐடாவின் பாட்டனார் முதல் ஜான் ஸ்கடரும் மனைவி ஹாரியட்டும் 1819இல் கப்பலில் வந்தபோது, வழியில் கல்கத்தாவில் தங்கள் கைக்குழந்தையை அடக்கம் செய்துவிட்டுத்தான் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வீட்டில் பிறகு பிறந்த புதல்வர்களில் ஏழு பேர் ஊழியத்துக்கு வந்தார்கள் என்பதும் சரித்திரம்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். சுவர் ஏன் உரிந்தது? அந்தச் சுவருக்கு மே மாதக் கடைசியில்தான் சிமென்ட் பூச்சு முடிந்திருந்தது. புதுப் பூச்சைத் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டு, பின்பு நன்றாகக் காயவிட்டுத்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். வெயில் காலத்திலேயே ஒரு மாதம் பொறுப்பது நல்லது. இங்கே ஜூன் முதல் தேதிவாக்கில் மழை பிடித்துவிடும். கல்லாற்றில் ஜூலையில் போர்வையே காயாது, சுவர் எங்கே காயும்? ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் நிற்காது என்பது ஒரு டிப்ளமோக்காரனுக்குத் தெரியாத விஷயமா? முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் பாலமும் தண்டவாளமும் பார்த்தவன் நான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். டிக்கெட் எடுத்துவிட்டார்கள், பேரன் வருகிறான், மகள் ஆசைப்படுகிறாள். அந்த வேலையைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவனே நான்தான்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அந்தப் பக்கத்தில் ஒரு பெயின்டர் இருக்கிறார். பாட்டன் காலத்தில் தோட்டத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம். பொன்முடி, போணக்காடு பக்கத் தோட்டங்களுக்கு அப்படி வந்து தலைமுறைகளாக வாழும் நம் ஜனங்கள் நிறைய. தோட்ட வேலையை நம்பிப் பிழைக்க முடியாமல் கீழே இறங்கி இந்தத் தொழிலுக்கு வந்தவர். மழை ஓய்ந்ததும் அந்தச் சுவர் வேலை தனக்கு என்று பள்ளிக்காரர்கள் சொல்லி வைத்திருந்ததை நம்பிக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியாது. நான் கேட்கவும் இல்லை. ஓணத்துக்குப் பிறகு டீக்கடையில் பார்த்தபோது அவர் கோபமாகப் பேசவில்லை. "சார், உங்க மக்கள் வந்தது ரொம்ப சந்தோஷம். நல்ல மனசுள்ள பிள்ளைங்க. அந்த வேலை எனக்கு எட்டு நாள் கூலி, அவ்வளவுதான்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பதின்மூன்று பேருக்கு விமான டிக்கெட் ஆளுக்கு ஒரு லட்சம் என்றே வைத்தாலும் பதின்மூன்று லட்சம். இங்கே ஒரு பெயின்டரின் நாள் கூலி ஆயிரம் ரூபாய் என்று வையுங்கள். ஆயிரத்து முந்நூறு நாள் கூலியைச் செலவு செய்து, ஓர் ஆளின் எட்டு நாள் கூலியைப் பிடுங்கி, நிற்காத பெயின்டை அடித்திருக்கிறோம். மகளிடம் போனில் இதைச் சொன்னபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அப்பா, இதை நீங்க எங்ககிட்ட ஜூலையிலேயே சொல்லியிருக்கணும்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்படியானால் பணத்தை அனுப்பிவிட்டுப் பேசாமல் வீட்டில் இருப்பதுதான் சரியா? அப்படிச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது முழுவதும் சரியாகப் படவில்லை. போகாமல் இருந்தவர்கள் அந்தப் பதின்மூன்று லட்சத்தையும் கல்லாற்றுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று யார் சொன்னது? டிஸ்னி பூங்காவுக்குப் போயிருப்பார்கள். என் பேரன் அப்போது பதினோரு வயது. போனைக் கையிலிருந்து கீழே வைக்காத பையன், பள்ளிப் பிள்ளைகளோடு ஆற்றங்கரையில் கல் பொறுக்கி விளையாடினான். திரும்பிப் போன பிறகு அங்கத்துப் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொருவரும் எப்படி இருக்கிறார்கள் என்று என்னைக் கேட்டான். அதற்கு விலை போட என் கணக்குக்குத் தெரியவில்லை.

எங்கள் ரயில்வேயில் 'பிளாக்' என்று ஒன்று உண்டு. இரண்டு மணி நேரம் வண்டி விடாமல் லைனை எங்கள் கையில் கொடுப்பார்கள். அதற்குள் பழுதான தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு முடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் அது நடக்கிறதென்றால் காரணம், அந்தப் பகுதியை நாள்தோறும் நடந்து பார்க்கும் கேங்மேன்கள் எங்கே பழுது என்று முன்பே சொல்லியிருப்பார்கள். தண்டவாளம், போல்ட், கருவி எல்லாம் முன் நாளே இடத்தில் கிடக்கும். வெளியிலிருந்து வந்தவர்கள் போன பிறகும் அதே கேங்மேன்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள். கேங்மேனைக் கேட்காமல் பிளாக் எடுக்கிற என்ஜினியர் வண்டியைத் தாமதப்படுத்துவான், வேறொன்றும் செய்யமாட்டான். பத்து நாள் ஊழியமும் ஒரு பிளாக்தான். அங்கே வருடக்கணக்கில் இருந்து வேலை செய்கிறவர்கள் யார், அவர்கள் கேட்டார்களா, நாம் போன பிறகு அதை யார் பார்ப்பார்கள்? போவதா வேண்டாமா என்பதை இந்த மூன்று கேள்விகளுக்கும் வரும் பதிலை வைத்தே முடிவு செய்யலாம்.

காலத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்க, ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கேரளத்துக்கு அது கொட்டும் மழைக்காலம், பள்ளி நடக்கும் காலம். நம் பிள்ளைகளுக்கு விடுமுறை ஏப்ரல், மே. இரண்டும் சந்திப்பதே இல்லை. வருகிறவர்களுக்காக வகுப்பை நிறுத்திவிட்டுப் பாட்டுப் பாட உட்கார வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், வாத்தியாருக்குப் பாடம் பாக்கி. டிசம்பர் கடைசி வாரம் ஒன்றுதான் இரு பக்கத்துக்கும் ஒத்து வருகிறது, மழையும் விட்டிருக்கும்.

கற்றுக்கொடுக்கிற ஆர்வத்திலும் ஒரு வேடிக்கை நடந்தது. 2019இல் வந்த ஒரு குடும்பத்து அம்மையார் பாம்புக்கடி முதலுதவி பற்றி அழகான படங்கள் வரைந்துகொண்டு வந்தார். படத்தில் இருந்தவை அமெரிக்கப் பாம்புகள். இந்தக் கல்லாற்றுக் காட்டில்தான் காணி இனத்து லட்சுமிக்குட்டி அம்மாள் வாழ்கிறார். மூலிகை வைத்தியத்துக்காக, சிறப்பாக விஷவைத்தியத்துக்காக, 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஐந்நூறு மருந்துகளை ஏட்டைப் பார்க்காமல் நினைவிலிருந்தே சொல்வார் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. பாம்பு கடித்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும், அது வேறு விஷயம். ஆனால் எந்தப் பாம்பு எந்தப் புதரில் இருக்கும் என்று அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் வந்தவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். பிள்ளைகள் மரியாதையாக உட்கார்ந்து படம் பார்த்தார்கள். ஒரு சிறுமி மட்டும் மலையாளத்தில் அடுத்தவளிடம், "இது எந்தக் காட்டுப் பாம்பு?" என்றாள்.

சட்டம் சம்பந்தமாகச் சிலவற்றை விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தில் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளைகள் இந்தியாவுக்கு மின்னணுச் சுற்றுலா விசாவில் வந்தால், ஒரு மாதத்துக்கு மேற்படாத, சம்பளமோ பிரதிபலனோ இல்லாத தொண்டு வேலை செய்யலாம். பிரசங்கம் செய்வது, ஆலயத்தில் எழுந்து பேசுவது, துண்டுப் பிரசுரம் கொடுப்பது போன்றவற்றுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை. ஆராதனையில் உட்கார்ந்து கலந்துகொள்ளத் தடையில்லை. அதற்கு மேல் செய்வதற்கு மிஷனெரி விசா தனியாக உண்டு. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை, அதாவது ஓ.சி.ஐ. அட்டை, வைத்திருப்பவர்கள் தங்களுக்கு எல்லாம் அனுமதி என்று நினைக்கிறார்கள். 2021 மார்ச் 4 அறிவிப்பின்படி அவர்களும் மிஷனெரிப் பணிக்கு முன்கூட்டியே தனி அனுமதி வாங்க வேண்டும்.

பணம் இன்னும் சிக்கல். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புகள்தான் வெளிநாட்டு நன்கொடை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பின் அதுவும் புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து சேர வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் பிள்ளை தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே பிள்ளை அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிய மறுநாள் கொடுத்தால் ஆகும், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும். ஊரில் உள்ள சின்னச் சபைக்கோ பள்ளிக்கோ பாசத்தில் கையில் டாலரைக் கொடுத்துவிட்டுப் போனால், பிற்பாடு பதில் சொல்ல வேண்டியவர் வாங்கிய ஏழைப் போதகரும் தலைமையாசிரியரும்தான்.

பிற நாடுகளுக்குப் போகிறவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். நேபாளம் பக்கத்து நாடு, நம் நாடு போலத்தான் என்று கிளம்புகிறார்கள். அங்கே 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி மதம் மாற்றுவதற்குச் சிறைத்தண்டனை உண்டு. வெளிநாட்டவரானால் தண்டனைக்குப் பின் நாடு கடத்தவும் படுவார்.

கென்யா கேட்ட நண்பருக்காக ஒன்று. மஞ்சள் காய்ச்சல் பரவியிருக்கும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து நேரே இந்தியாவுக்கு வந்தால் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், தனியே வைத்துவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலையிலிருந்து ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும். ஊழியம் முடித்து வரும் வழியில் தாத்தா பாட்டியைப் பார்க்கத் திட்டமிடுகிறவர்கள் இதை மறந்துவிட்டு விமான நிலையத்தில் அழுதிருக்கிறார்கள். மலேரியா மாத்திரையைப் பற்றிப் பிள்ளையின் மருத்துவரிடம் புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே கேட்க வேண்டும்.

அனாதை இல்லங்களுக்குப் போகும் திட்டம் என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். பத்து நாள் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போவதும், அடுத்த மாதம் வேறொரு குழு வந்து கொஞ்சுவதும், ஏற்கெனவே ஒருமுறை கைவிடப்பட்ட குழந்தைக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். சில நாடுகளில் இப்படி வருகிறவர்களின் காசுக்காகவே தாய் தகப்பன் உள்ள குழந்தைகளைக் கொண்டுவந்து அனாதை என்று காட்டுகிறார்கள். ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று 2017இல் இதை ஆள்கடத்தலோடு சேர்த்தே ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி இல்லங்களில் உள்ள குழந்தைகளை அடையாளம் காட்டும் படங்களை வெளியிடக் கூடாது. வீட்டுக்குப் போனதும் படத்தைச் சபையில் பெரிய திரையில் போடுகிறவர்கள் இதை அறிவதில்லை.

கொரோனா காலம் முடிந்து 2022 டிசம்பரில் மகள் குடும்பம் மட்டும் வந்தது. இந்தத் தடவை ஆறு மாதம் முன்பே நான் பெயின்டரிடமும் பள்ளித் தலைமையாசிரியையிடமும் பேசினேன். சுவரைப் பெயின்டரே அடித்தார், முழுக் கூலிக்கு. என் மருமகன் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருப்பவர். வங்கி வழியாகப் பணம் கொடுத்தார். பேரனும் பேத்தியும் பெயின்டருக்குக் கையாளாக நின்றார்கள். உப்புத்தாள் போட்டுச் சுவரைத் தேய்ப்பதற்கே இரண்டு நாள் ஆனது. "தாத்தா, போன தடவை நாங்க இதைச் செய்யவே இல்லையே" என்றான் பேரன்.

சாயங்காலங்களில் நடந்ததுதான் நான் எதிர்பாராதது. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் மலையாளத்தில் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. என் பேரப்பிள்ளைகளும் அப்படியே: பேசினால் புரியும், எழுத்து தெரியாது. என் மனைவி இரு பக்கத்துப் பிள்ளைகளையும் திண்ணையில் உட்கார வைத்து அ, ஆ எழுத வைத்தாள். ஒன்பது பிள்ளைகள், ஒரே கரும்பலகை. பெயின்டரின் மகள் என் பேரனைவிட வேகமாகப் படித்துவிட்டாள் என்பதில் அவனுக்கு இன்றும் வருத்தம். அந்த வகுப்பு அவர்கள் போன பிறகும் நிற்கவில்லை. சனிக்கிழமைதோறும் என் மனைவி நடத்துகிறாள். பேத்தி அங்கிருந்து போன் திரையில் சேர்ந்துகொள்கிறாள். இதை ஊழியம் என்று சபையில் கணக்கெழுதுவார்களா என்று எனக்குத் தெரியாது.

ஆற்றைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. கல்லாறு பார்க்க முழங்கால் தண்ணீர் போலத் தெரியும். பாறைகளுக்கு நடுவே ஆழமான கயங்கள் உண்டு. மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும். வெளியூர்ப் பிள்ளைகள் பலர் அங்கே போயிருக்கிறார்கள். எந்த ஊருக்கு ஊழியத்துக்குப் போனாலும் அந்த ஊர் ஆற்றையும் கடலையும் பற்றி ஊர்க்காரரிடம் கேட்காமல் பிள்ளைகளை இறக்க வேண்டாம். காட்டுக்குள்ளும் காணிக் குடியிருப்புகளுக்கும் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது.

வருகிற டிசம்பரில் மகள் மறுபடியும் வருகிறாள். இந்த முறை அவர்கள் சபையிலிருந்து ஒரு குடும்பமும் உடன் வர விரும்புகிறது. பள்ளியில் கழிப்பறைக் கூரை ஒழுகுகிறது, அதைப் பார்க்கலாமா என்று தலைமையாசிரியை கேட்டிருக்கிறார். கொத்தனாரையும் பெயின்டரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பெயின்டர் கிறிஸ்துமஸ் கழிந்துதான் தனக்கு ஒழியும் என்கிறார். அதனால் டிக்கெட்டை 27ஆம் தேதிக்கு மாற்றச் சொல்லி மகளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.